சனி பகவான் இப்போ எந்த வீட்டில்? கோயில் பின்வாசலில் ஒரு டெலஸ்கோப் மாலை

கொஞ்சம் நீளமான பதிவு. தே தாரிக் ஒன்று போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன சனிக்கிழமை, புரட்டாசி மூன்றாம் சனி அன்று, எள் தீபம் ஏற்றிவிட்டு வெளியே வந்தவர்கள் அன்னதானக் கூடத்துக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "அங்க என்ன குடுக்குறாங்க?" என்று கேட்டுக்கொண்டே பாதிப் பேர் வந்து நின்றார்கள். கொடுத்தது ஒன்றும் இல்லை. எங்கள் தொண்டர் குழுவில் ஒரு தம்பி, ஆறு அங்குலக் கண்ணாடி வைத்த தன்னுடைய டெலஸ்கோப்பைக் காடியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். புல்தரையில் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் நிறுத்தி, சனி கிரகத்தைக் காட்டினோம். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஆனால் அதை ஏன் செய்தோம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்த வருடம் மார்ச் மாதம் நடந்தது உங்களில் பலருக்கு மறந்திருக்காது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி, சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போகிறார். யூடியூப் முழுக்க அதுதான். வாக்கியப் பஞ்சாங்கப்படி அன்று பெயர்ச்சியே கிடையாது, 2026 மார்ச் 6-ல்தான். திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுகிற கோயில், அவர்களும் 2026 என்றே அறிவித்தார்கள். எங்கள் கோயிலில் என்ன ஆச்சு? யாரும் முன்கூட்டி உட்கார்ந்து பேசவில்லை. நோட்டீஸ் ஒரு தேதியில் அச்சாகிவிட்டது. பரிகாரத்துக்குப் பேர் கொடுத்தவர்களில் சிலர் பிறகு வாக்கியத் தேதியைக் கேள்விப்பட்டு, "அப்போ நாங்க குடுத்த அர்ச்சனை செல்லுமா செல்லாதா?" என்று கேட்டார்கள். மேஜையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறோம். ஏழரைச் சனி நடக்கிற வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வந்த ஒரு அம்மா அழுதுகொண்டே போனதைப் பார்த்த பிறகு, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்று நாங்கள் நாலைந்து பேர் முடிவு செய்தோம். கிடைத்த புத்தகங்களை ஆறு மாதமாகப் படித்தோம். டெலஸ்கோப் மாலை அந்தப் படிப்பின் கடைசிப் பக்கம் மாதிரி.

அன்றைக்கு மழை. ஏழு மணிக்கு விட்டது, ஆனால் மேகம் விடவில்லை. வரிசை நீண்டுகொண்டே போகிறது, வானம் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. தம்பி முகம் வாடிப் போச்சு. அப்போதுதான் எங்களில் ஒருவர் வரிசையில் நின்றவர்களுக்கு, பொழுது போகட்டுமே என்று, பாண்டிச்சேரி கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

லெ ஜான்டீல் என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். சுக்கிரன் சூரியனுக்கு முன்னால் ஒரு கரும்புள்ளி மாதிரி கடந்துபோகும் நிகழ்ச்சி எட்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை வரும், அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் வராது. உலகத்தின் பல மூலையிலிருந்து அதை அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். 1761-ல் அதைப் பார்ப்பதற்காக 1760-லேயே பிரான்சிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. சுக்கிரன் சூரியனைக் கடந்த அன்று அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பல் தட்டில். ஆடுகிற தட்டிலிருந்து என்னத்தை அளக்கிறது? சரி, எட்டு வருடம் பொறுப்போம் என்று ஊருக்கே போகாமல் இந்தப் பக்கக் கடல்களிலேயே சுற்றினார். 1768-ல் பாண்டிச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஒரு வானாய்வகம் கட்டினார். எதிரிகளான ஆங்கிலேயரே அவருக்கு ஒரு தொலைநோக்கி இரவல் கொடுத்தார்கள். நாள் நெருங்கியது. 1769 ஜூன் 4 விடியற்காலை, மேகம். சுக்கிரன் கடந்து முடிந்த கொஞ்ச நேரத்தில் மேகம் விலகி, நாள் முழுக்க வெயில்.

பிறகு 1771-ல் ஊர் போய்ச் சேர்ந்தால், அவர் இறந்துவிட்டதாக நினைத்து சொத்தைப் பிரிக்க சொந்தக்காரர்கள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்களாம். அறிவியல் அகாடமியில் அவர் இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்தாச்சு. "அவருக்கு அப்போ அஷ்டமச் சனியா இருக்கும்" என்று வரிசையில் இருந்த ஒரு அண்ணன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

கதையின் இந்தப் பாதியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு பாதி. காத்திருந்த நாட்களில் லெ ஜான்டீல் பாண்டிச்சேரித் தமிழர்களிடம் அவர்கள் எப்படிக் கிரகணம் கணிக்கிறார்கள் என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணத்தை எடுத்துச் சோதித்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் குறைவாக வந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே சிறந்தது என்று கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி போட்டால் 68 விநாடி அதிகம். அதாவது அந்தக் கிரகணத்தில் நம் ஆட்கள் ஜெயித்தார்கள். இதைத் தன் பயண நூலில் அவரே எழுதி வைத்தார்.

எப்படி ஜெயித்தார்கள்? அங்கேதான் "வாக்கியம்" வருகிறது. வாக்கியப் பஞ்சாங்கம் என்றால் ரிஷி வாக்கு என்று சிலர் சொல்கிறார்கள். பேர் வந்த காரணம் அதைவிட அழகானது. எண்களை எழுத்தாக மாற்றுகிற ஒரு முறை உண்டு, கடபயாதி என்று பேர். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு எண். எண்களை அடுக்கினால் அர்த்தமுள்ள ஒரு சொற்றொடர் கிடைக்கிற மாதிரி எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பார்கள். சந்திரன் பூமிக்கு அருகில் வந்து, விலகி, திரும்ப அருகில் வர ஏறக்குறைய 27 நாள் 13 மணி நேரம் ஆகும். அப்படி ஒன்பது சுற்று ஆனால் கிட்டத்தட்ட அச்சாக 248 நாள். அந்த 248 நாளுக்கும் சந்திரன் எங்கே இருக்கும் என்பதை 248 வாக்கியமாக்கி வைத்தார்கள். அவற்றை வரருசி செய்தார் என்பது மரபு. பையன்கள் அதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தார்கள். கருவி வேண்டாம், புத்தகம் வேண்டாம். வாக்கியம் தெரிந்தால் சந்திரன் எங்கே என்று சொல்லிவிடலாம்.

இதைக் கண்ணால் பார்த்து எழுதிய இன்னொரு வெளிநாட்டுக்காரரும் உண்டு. ஜான் வாரன், சென்னை வானாய்வகத்தில் கொஞ்ச காலம் பொறுப்பில் இருந்தவர். பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, நகர்த்தி, வாயில் வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் பார்த்தார். காகிதத்தில் ஒரு எண்கூட எழுதவில்லை. 1825 மே 31 இரவு நடந்த கிரகணம் அது. தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அந்த வருடமே சென்னையில் அச்சான "கால சங்கலிதம்" என்ற வாரனின் நூலில் இது இருக்கிறது. அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வானியல் கோட்பாடு எதுவும் புரியவில்லை, ஆனால் ஞாபக சக்தி அபாரம் என்பது வாரனின் கணிப்பு.

படித்தபோது எங்களுக்கு முதலில் பெருமையாக இருந்தது, அப்புறம் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. சோழியை வைத்து இவ்வளவு நெருங்குவது பெரிய காரியம். அதே சமயம் 52 நிமிடம் என்றால், கிரகணம் விட்ட பிறகு குளிக்கக் காத்திருக்கிறவர் ஒரு மணி நேரம் தப்பாக நிற்பார். சூத்திரம் கையில் இருந்தது, ஆனால் அதை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தும் வேலை எங்கோ நின்று போயிருந்தது.

இந்த இடத்தில் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "வாக்கியம் நம்ம முன்னோர் குடுத்தது. திருக்கணிதம் வெள்ளைக்காரன் டெலஸ்கோப்பை வெச்சுப் போட்ட கணக்கு. கோயிலுக்கு எது வேணும்?" நியாயமான கேள்விதான். மார்ச்சில் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

கேரளத்தில் பாரதப்புழை ஆற்றின் பக்கம், ஆலத்தியூரில் பரமேசுவரர் என்று ஒரு கணித அறிஞர் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே "பரஹிதம்" என்ற கணிதமுறை நடப்பில் இருந்தது. கி.பி. 683-ல் திருநாவாயில் ஹரிதத்தர் வெளியிட்டதாக மரபு. அந்தக் கணக்குப்படி சொல்கிற நேரத்துக்கும், கண்ணால் பார்க்கிற கிரகணத்துக்கும் பொருந்தவில்லை என்று பரமேசுவரர் கண்டார். என்ன செய்தார்? 55 வருடம் கிரகணங்களைப் பார்த்துக் குறித்தார். ஒரு மனிதனுடைய வாழ்நாள் முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலஸ்கோப் என்ற பொருளே உலகத்தில் இல்லாத காலம். பார்த்ததை வைத்துப் பழைய எண்களைத் திருத்தி 1431-ல் ஒரு நூல் எழுதினார். அதன் பேர் "த்ருக்கணிதம்". த்ருக் என்றால் பார்வை. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகிற கணிதம். நாம் இன்று சொல்கிற "திருக்கணிதம்" அந்தச் சொல்தான், "திரு" என்று மரியாதைக்குச் சேர்த்தது இல்லை. இது எங்களுக்கே புதுச் செய்தி.

ஆக, கணக்கைப் பார்வையோடு ஒத்துப் பார்ப்பது வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலேயே நம் மரபில் உள்ள வேலை. பெரியவரிடம் சொன்னோம். "அப்படியா, 1431-ஆ?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது, ஆனால் வரிசையை விட்டுப் போகவில்லை.

இனி சென்னைக்கு வருவோம். சென்னை வானாய்வகம் முதலில் ஒரு வீட்டுத் தோட்டத்தில்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-ல் எழும்பூரில் தன் வீட்டிலேயே சொந்தச் செலவில் கருவிகளை வைத்து வானம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்றங்குலத் தொலைநோக்கிகள், கடிகாரங்கள். எங்கள் தம்பியின் ஆறு அங்குலத்தில் பாதி! பிறகு அவர் அந்தக் கருவிகளைக் கம்பெனியிடம் ஒப்படைக்க, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. அங்கே கருவி தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் இருக்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. சென்னை போகிறவர்கள் தி. நகர்க் கடைகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வானாய்வகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர். சின்ன வேலையில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-ல், தெற்கு வானத்தில், ஒளி கூடிக் குறைகிற ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று இன்றும் அட்டவணைகளில் இருக்கிறது. 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். ராத்திரி முழுக்க வெள்ளைக்காரத் துரையின் கருவியில் கண் வைத்தவர், பகலில் பஞ்சாங்கத்தில் உள்ள எண்ணைப் பார்க்கிறார், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். பஞ்சாங்கக் குடும்பத்துப் பிள்ளை. சும்மா இருந்திருக்கலாம். அவர் பார்வைக்கு ஒத்துவருகிற த்ருக்கணிதப் பஞ்சாங்கம் போட முனைந்தார்.

லெ ஜான்டீல் கோட்டைவிட்ட அந்தச் சுக்கிரன் நிகழ்ச்சி அடுத்து வந்தது 1874 டிசம்பர் 9-ல். அதற்காக ரகுநாதாச்சாரி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், பல இந்திய மொழிகளில் வெளியிட ஏற்பாடு செய்தார். ஒரு சித்தாந்தியும் ஒரு கனவானும் பேசிக்கொள்கிற மாதிரி, கேள்வி பதிலாக. கட்டுரையாக எழுதாமல் உரையாடலாக ஏன் எழுதினார் என்று அன்றைக்கு வரிசையில் நின்றபோது எங்களுக்குப் புரிந்தது. டெலஸ்கோப் பக்கத்தில் நின்றால் எல்லாரும் கேள்விதான் கேட்கிறார்கள். "இதுல சாமி தெரியுமா?" "வளையம் தங்கமா?" "இது படத்தை ஒட்டிவெச்சு காட்டுறீங்களா?" (இதைக் கேட்டது ஒரு சின்னப் பையன். தம்பிக்கு வருத்தமாகிவிட்டது.) ரகுநாதாச்சாரி 1880-ல் காலமானார். நம் கோயில்களில் அவர் பேர் தெரிந்தவர்கள் குறைவு. தெரிய வேண்டும் என்று நினைக்கிறோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சுதந்திரத்துக்குப் பின் இந்திய அரசு 1952-ல் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. அது எண்ணிப் பார்த்ததில் நாட்டில் 30 விதமான நாட்காட்டிகள். 1955-ல் அறிக்கை கொடுத்தார்கள், ஒரு தேசியப் பஞ்சாங்கமும் வந்தது. ஆனால் கோயில்கள் அவரவர் வழக்கப்படியே தொடர்ந்தன. பஞ்சாங்கத்தை அரசு உத்தரவால் மாற்ற முடியவில்லை.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். இந்தியாவில் அச்சான நேரத்தோடு இரண்டரை மணி கூட்ட வேண்டும். 1982-க்கு முன் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு மணிதான் கூட்ட வேண்டியிருந்தது. அந்த ஜனவரி 1-ல் அரை மணி முன்னே தள்ளினார்கள். பழைய தொண்டர்களில் சிலர் இன்னமும் பழக்கதோஷத்தில் "ரெண்டு கூட்டு" என்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ராகு காலத்துக்கு இந்தக் கூட்டல்கூட உதவாது. நம் ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து கணக்குப் போட வேண்டும்.

சரி, மாலைக்குத் திரும்புவோம். எட்டே முக்கால் வாக்கில் காற்று அடித்தது. கிழக்கே மேகம் துணி மாதிரி விலகி, முதலில் நிலா தெரிந்தது. பௌர்ணமிக்கு இரண்டு நாள்தான் இருந்ததால் நல்ல வெளிச்சம். அதற்குக் கீழே, தள்ளி, இமைக்காத மஞ்சள் புள்ளி ஒன்று. தம்பி ஓடிப்போய் டெலஸ்கோப்பைத் திருப்பினார்.

இந்த வருடம் சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 15 வருடத்துக்கு ஒரு முறை இப்படி வரும். படங்களில் பார்க்கிற அகலமான வளையம் தெரியாது. ஒரு சின்ன மஞ்சள் மணி, அதைக் குறுக்கே குத்திய ஊசி. பக்கத்தில் ஒரு ஒளிப்பொட்டு, அது டைட்டன், சனியின் பெரிய நிலா. கலிலியோ 1610-ல் முதலில் பார்த்தபோது சனிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ இருக்கிறது என்று நினைத்தார். 1612-ல் பார்த்தால் காதைக் காணோம். வளையம் விளிம்பைத் திருப்பிக்கொண்டது அவருக்குத் தெரியாது. குழம்பிப் போனார். நாங்கள் பார்த்ததும் கிட்டத்தட்ட அந்தக் குழப்பமான காட்சியைத்தான்.

ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முக்காலியில் உட்கார வைத்தோம். கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பின்னால் வரிசை நெளிந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்ததும் டெலஸ்கோப்பைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் திரும்பி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "இம்புட்டுச் சின்னதா இருந்துக்கிட்டா எங்களை இந்தப் பாடு படுத்துறாரு" என்றார்.

பெரியவர், அந்த ஆசிரியர், கடைசியாக வந்தார். பார்த்துவிட்டு, "சரி, இப்போ இவர் கும்பத்துல இருக்காரா மீனத்துல இருக்காரா? உங்க மெஷின் சொல்லுமா?" என்றார்.

அதற்கு மெஷினே வேண்டாம் என்று அவரை நிமிர்ந்து பார்க்கச் சொன்னோம். கிழக்கே பார்த்து நின்றால், சனிக்கு இடப்பக்கம், கொஞ்சம் மேலே, நான்கு நட்சத்திரம் சேர்ந்து ஒரு பெரிய சதுரம். நிலா வெளிச்சத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சதுரத்தில் மேல்பக்க இரண்டும் பூரட்டாதி, கீழ்ப்பக்க இரண்டும் உத்திரட்டாதி. அர்ச்சனைச் சீட்டில் நாங்கள் தினமும் எழுதுகிற பேர்கள்! எங்களில் பாதிப் பேர் அவற்றை வானத்தில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஒவ்வொரு ஜோடி வழியாகவும் வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தால், சனி இரண்டு கோட்டுக்கும் நடுவில், உத்திரட்டாதிக் கோட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறார். இது யாரும் மறுக்க முடியாத காட்சி. கைபேசி ஆப்பில் பார்த்தாலும் அதேதான், திருக்கணிதத்தில் பார்த்தாலும் அதேதான். வாக்கியக் கணக்கு அவரைச் சில பாகை பின்னால் வைக்கிறது. முழு நிலாவின் அகலம் அரைப் பாகைதான் என்பதை நினைத்தால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆனால் பெரியவர் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது, அதையும் அவரிடம் சொன்னோம். கும்பத்துக்கும் மீனத்துக்கும் நடுவில் வானத்தில் வேலி எதுவும் இல்லை. கோடு நாம் போட்டது. எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்பதை "அயனாம்சம்" என்பார்கள். சாகா குழு ஒன்றை நிர்ணயித்தது, 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று. அதுதான் திருக்கணிதக்காரர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிற லாகிரி அயனாம்சம். வேறு அளவு சொல்கிறவர்களும் உண்டு. ஆகவே சனி எங்கே நிற்கிறார் என்பதை டெலஸ்கோப் சொல்லும். அந்த இடத்துக்கு என்ன வீட்டு எண் என்பதை மனிதர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

சில பாகை வித்தியாசம் எப்படி ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசமாக ஆகிறது என்று பலர் கேட்டார்கள். சனி ஒரு முழுச் சுற்று சுற்ற ஏறக்குறைய 29 அரை வருடம். ஒரு ராசிக்கு இரண்டரை வருடம். அதிலும் வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் வக்கிரமாகப் பின்னால் போவது போலத் தெரியும். முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே. அதனால் சில பாகை பிசகினால் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகும். சந்திரனில் அப்படி இல்லை, அது இரண்டு மணி நேரத்தில் ஒரு பாகை ஓடிவிடும். இன்னொன்றும் எங்களுக்குத் தோன்றுகிறது. கிரகணம் தப்பினால் ஊரே பார்த்துச் சிரிக்கும், அதனால் சூரிய சந்திரக் கணக்கை அடிக்கடி சரிபார்த்திருப்பார்கள். சனி மெதுவாகப் போகிறவர். அவர் ஒரு விரல் அகலம் பிசகினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? வெளியே வந்து பார்க்கிறவன் இல்லாத கணக்கு மெல்ல மெல்ல விலகியது என்றே நினைக்கிறோம்.

பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ திருநள்ளாறு தப்பா?" என்றார். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கோயில் தலைமுறை தலைமுறையாக ஒரு கணக்கில் விழா நடத்துகிறது என்றால் அந்த நாளில் லட்சக்கணக்கான பேரின் வேண்டுதல் இருக்கிறது. அங்கே போகிறவர் அந்தத் தேதிக்குத்தான் போக வேண்டும். எங்கள் வருத்தம் வேறு. இரண்டு தேதி இருக்கிறது என்பதையே பக்தர்களிடம் சொல்லாமல் ஒன்றை மட்டும் நோட்டீஸில் அடித்தோமே, அதுதான்.

அதனால் கமிட்டியிடம் எழுத்தில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். எங்கள் கோயில் எந்தப் பஞ்சாங்கம் என்பதைக் குருக்களோடு பேசி முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். மற்றப் பஞ்சாங்கத் தேதியையும் கீழே போட வேண்டும். மார்ச்சில் பரிகாரம் செய்தவர்கள் 2026 மார்ச் 6-ல் வந்தால், புதுச் சீட்டுக் கேட்காமல் அவர்கள் பேருக்கும் அர்ச்சனை செய்ய வேண்டும். கடைசி விஷயத்தில் இன்னும் பதில் வரவில்லை. நிதிக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். வந்ததும் இங்கேயே போடுகிறோம். அன்று அழுதுகொண்டு போன அம்மா இதைப் படித்தால், முன்மேஜையில் எங்களிடம் வாருங்கள். உங்கள் பழைய சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பதிவேட்டில் பேர் இருக்கிறது.

வரும் நாலாம் சனிக்கிழமையும் டெலஸ்கோப் இருக்கும். நிலா பத்து மணி வாக்கில்தான் எழும், வானம் இருட்டாக இருக்கும், அந்தச் சதுரம் நன்றாகத் தெரியும். எட்டரைக்கு வாருங்கள். பின்பக்கக் கார் பார்க்கில் காடி நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து ஹெட்லைட்டை அணைத்துவிடுங்கள். கொசு இருக்கிறது, பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போடுங்கள். பாட்டி முக்காலி கேட்டிருக்கிறார், அது அவருக்கு.